வால்வைத் திறக்கக் கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்:
கடப்பாரையோடு காத்திருப்போர் சார்பில்
ஒரு பழைய பிரவுசிங் சென்டர் வாடிக்கையாளர்,
தமிழ்நாடு.

பெறுநர்:
வால்வ் நிறுவனத்தார்,
பெல்வ்யூ, வாஷிங்டன் மாநிலம், அமெரிக்கா.

பொருள்: ஹாஃப்-லைஃப் மூன்றாம் பாகம் – 2007 முதல் நிலுவை – நினைவூட்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் அறிவிப்பு, மே 2006.
2. தங்கள் மௌனம், நாளது தேதி வரை.

ஐயா,

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் வால்வு என்றால் குடிநீர்க் குழாயின் வால்வுதான். மூன்று நாளைக்கு ஒருமுறை ஒருவர் சைக்கிளில் வருவார். தெருமுனைக் குழியின் மூடியைத் தூக்கி, நீளமான இரும்புச் சாவியை உள்ளே விட்டுத் திருகுவார். வந்தால் விடியற்காலை நாலு மணி. வராமலும் இருப்பார். அதற்காக யாரும் குழாயடியில் விழித்துக்கொண்டு நிற்பதில்லை. குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவோம். தண்ணீர் வராத நாளில்கூடக் குடத்தை எடுக்க மாட்டோம். எடுத்தால் இடம் போய்விடும்.

உங்கள் கேம்கள் தொடங்கும்போது திரையில் ஒரு மொட்டைத் தலையின் பின்பக்கம் தெரியும், அதில் ஒரு வால்வு முளைத்திருக்கும். அதை யார் திருகுவார்கள், எப்போது திருகுவார்கள் என்று தெரியாமலே 2007 அக்டோபர் 10 அன்று என் குடத்தை வரிசையில் வைத்தேன். 2025 நவம்பரிலும் போய்ப் பார்த்தேன். இருக்கிறது. கொஞ்சம் பாசி பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

இடையில் கோப்பு பல கை மாறியிருக்கலாம் என்பதால் முன்கதைச் சுருக்கம். 1998 நவம்பரில் நீங்கள் வெளியிட்ட முதல் கேமில் கார்டன் ஃப்ரீமேன் என்றொரு மூக்குக்கண்ணாடிக்காரர் வருகிறார். எம்.ஐ.டி.யில் கோட்பாட்டு இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். நியூ மெக்சிகோ பாலைவனத்துக்கு அடியில் இருக்கும் பிளாக் மெசா ஆய்வுக்கூடத்துக்கு டிராம் வண்டியில் வேலைக்குப் போகிறார். அந்தக் காலத்து ஷூட்டர் கேம் என்றால் தொடங்கியதுமே கையில் துப்பாக்கி இருக்கும், எதிரில் பூதம் இருக்கும். இங்கே டிராமில் சும்மா உட்கார்ந்து சில நிமிடம் வேடிக்கை பார்க்க வேண்டும். (காத்திருக்க வைப்பதை அப்போதே தொடங்கிவிட்டீர்கள், எங்களுக்குத்தான் புரியவில்லை.) அன்றைக்கே பரிசோதனை சொதப்பி, வேற்றுலகத்துக்கு வழி திறந்துகொள்கிறது. முனைவர் கையில் எடுப்பது ஒரு கடப்பாரை. எங்கள் ஊர்க் கடப்பாரை ஆளுயரம் இருக்கும், இது முழங்கை நீளம், மூக்கு வளைந்தது. இருந்தாலும் பிஎச்.டி. முடித்தவர் கடைசியில் கடப்பாரையை நம்பித்தான் பிழைக்க வேண்டியிருக்கிறது என்றதும் எங்கள் பக்கத்துப் பட்டதாரிகளுக்கு அவர்மேல் ஒரு பங்காளிப் பாசம் வந்துவிட்டது.

அவர் எனக்கு அறிமுகமானது நேர்வழியில் அல்ல. மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து பிரவுசிங் சென்டரில் கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆடிய தலைமுறை நாங்கள். அது ஹாஃப்-லைஃப் என்ற வீட்டின்மேல் ரசிகர்கள் எழுப்பிய மாடி என்பதே எங்களில் பலருக்குத் தெரியாது. ஒருநாள் ஃபோல்டரைத் துழாவி எதையோ தட்டப்போய், குண்டு வைக்க ஓட வேண்டிய நான் டிராம் வண்டியில் உட்கார்ந்திருந்தேன். சென்டர் அண்ணன் வந்து தோளைத் தட்டி, “தம்பி, டைம் முடிஞ்சு பத்து நிமிஷம் ஆச்சு” என்றார். அங்கிருந்த பிரதி முறைப்படி வாங்கியதுதானா என்று தயவுசெய்து விசாரணை வைக்க வேண்டாம். பிற்பாடு உங்கள் ஸ்டீம் கடையில் இரண்டு முறை காசு கொடுத்து வாங்கிப் பாவத்தைக் கழித்துவிட்டேன்.

முதல் பாகத்தின் முடிவில், கோட்டு சூட்டும் கைப்பெட்டியுமாக ஜி-மேன் என்ற ஆசாமி வந்து ஃப்ரீமேனை உறையவைத்து எடுத்துப்போகிறார். 2004 நவம்பரில் வந்த இரண்டாம் பாகத்தில் எழுப்பிவிடுகிறார். கதைப்படி இடையில் சுமார் இருபது வருடம் போய்விட்டது. அது கதாநாயகனுக்கு மட்டும் நேர்ந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இரண்டாம் பாகத்தின் தொடர்ச்சியாக 2006-ல் எபிசோட் ஒன்று, 2007-ல் எபிசோட் இரண்டு. அதன் கடைசிக் காட்சியில் ஹெலிகாப்டர் கொட்டகைக்குள் ஃப்ரீமேனின் கூட்டாளி அலிக்ஸின் கண்ணெதிரே அவள் அப்பா ஈலை வான்ஸ் கொல்லப்படுகிறார். அவள் அழுகிற சத்தத்தோடு திரை இருண்டுவிடுகிறது. பார்வை 1-ல் கண்டபடி, 2007 கிறிஸ்துமஸுக்குள் எபிசோட் மூன்று வந்து கதை முடிந்திருக்க வேண்டும். டிசம்பர் 25 போனது. ரஷ்யர்களுக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி 7-ல்தான் என்று சொல்லி ஒரு நண்பன் எனக்குப் பதின்மூன்று நாள் ஆறுதல் வாங்கிக்கொடுத்தான்.

எங்கள் பக்கம் எழவு வீட்டில்கூடப் பதினாறாம் நாள் காரியம் முடிந்தால் அழுகையை நிறுத்தச் சொல்லிவிடுவார்கள்.

இந்த விண்ணப்பத்தை யார் மேசையில் வைப்பது என்பது அடுத்த சிக்கல். 2012-ல் வெளியே கசிந்த உங்கள் புதுப் பணியாளர் கையேட்டை வாசித்திருக்கிறேன். உங்களிடம் மேலாளர் என்று யாரும் கிடையாதாம். மேசைக்கெல்லாம் சக்கரம் உண்டாம். எந்த வேலை பிடித்திருக்கிறதோ அந்த இடத்துக்கு அவரவர் மேசையை உருட்டிக்கொண்டு போகலாமாம். எங்கள் அலுவலகங்களில் மேசையும் நகராது, கோப்பும் நகராது. ஆனால் கோப்பு எந்த மேசையில் தூங்குகிறது என்று கேட்டால் வாசலில் நிற்கும் காவலாளிகூடச் சொல்லிவிடுவார். உங்களிடம் கோப்பு தூங்குகிறது, மேசை ஓடிக்கொண்டிருக்கிறது. எபிசோட் மூன்று வேலையில் இருந்தவர்கள் லெஃப்ட் 4 டெட் கேமை முடித்துக்கொடுக்கக் கைகொடுக்கப் போனார்கள், திரும்பி வந்தபோது அடுப்பு அணைந்திருந்தது. இது என் கற்பனை அல்ல. இரண்டாம் பாகத்தின் இருபதாம் ஆண்டுக்காக 2024 நவம்பரில் நீங்களே வெளியிட்ட ஆவணப்படத்தில் உள்ள வாக்குமூலம்.

அந்தப் படத்தில் உங்கள் தலைவர் ஐயா கேப் நியூவெல் அவர்கள் வந்து இன்னொரு காரணமும் சொன்னார். எபிசோட் மூன்று எதைப் புதிதாக முன்னெடுத்துச் செல்லும் என்று தனக்குப் பிடிபடவில்லையாம். வெறுமனே கதையை நகர்த்துவதற்காக ஒரு கேம் செய்வது, ஆடுகிறவர்களுக்குச் செய்ய வேண்டிய கடமையிலிருந்து நழுவுவதாகுமாம். ஐயா, மாப்பிள்ளைக்குச் சாதாரணச் சாப்பாடு போடுவது மரியாதை இல்லை என்று பதினெட்டு வருடம் இலை போடாமலே உட்காரவைத்த மாமியாரை நான் இப்போதுதான் பார்க்கிறேன். கடமையுணர்ச்சி இவ்வளவு கூடினால் எங்களால் தாங்க முடியாது. கொஞ்சம் குறைத்துக்கொண்டு ரசஞ்சோறாவது போட்டிருக்கலாம். அதே படத்தில் சமையலறைக் கதவையும் லேசாகத் திறந்து காட்டினீர்கள்: பனியை உறையவைத்துச் சுவர் எழுப்பும் துப்பாக்கி, பாகு மாதிரி வழிந்து உருமாறும் ஒரு பிராணி. வாசனை வந்தது. கதவைச் சாத்திவிட்டீர்கள்.

ஒரு பழைய சம்பவத்தையும் நினைவூட்ட வேண்டும். இரண்டாம் பாகம் 2003 செப்டம்பர் 30-ல் வரும் என்றீர்கள், வரவில்லை. அக்டோபரில் ஒரு ஜெர்மன் இளைஞன் உங்கள் கணினிகளுக்குள் புகுந்து எடுத்த மூல நிரல் வெளியே பரவிவிட்டது. அவனைப் பிடிக்க நீங்கள் வகுத்த திட்டம் என்ன? வேலை தருவதாகச் சொல்லி நேர்காணல். தொலைபேசியில் பேசிக்கூட முடித்துவிட்டீர்கள். அமெரிக்காவுக்கு வரவழைத்துக் கைதுசெய்வதற்குள் ஜெர்மன் போலீஸ் முந்திக்கொண்டது. திருடியவனுக்கு நேர்காணல் அழைப்பு போயிருக்கிறது. காசு கொடுத்து வாங்கியவனுக்கு ஒரு வரி பதில் இல்லை. 2012 பிப்ரவரியில் ஒரு ரசிகர் கூட்டம், கேமைக் கொடுங்கள் என்றுகூடக் கேட்கவில்லை, ஏதாவது பேசுங்கள் என்று மட்டும் கேட்டு, ஒரே நேரத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இரண்டாம் பாகத்தைத் திறந்து உட்கார்ந்து பார்த்தார்கள். இதை ஒருவகை மௌன விரதம் என்று சொல்லலாம். ஆனால் அந்தப் போட்டியில் உங்களை ஜெயிக்க ஆளில்லை. உங்கள் கதாநாயகன் 1998-லிருந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. மன்னன் எவ்வழி, மக்கள் அவ்வழி என்பார்கள், இங்கே பாத்திரம் எவ்வழி, முதலாளி அவ்வழி.

மூன்று என்ற எண்ணோடு உங்களுக்கு என்ன பகை என்றும் புரியவில்லை. எங்கள் ஊரில் ஏலம் விடுகிறவர் ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று கூவித்தான் மணியை அடிப்பார். ‘இரண்டு தரம்’ என்றதும் அவர் டீ குடிக்கக் கிளம்பிவிட்டால் மாடு யாருக்குச் சொந்தம்? டீம் ஃபோர்ட்ரஸ் 2, லெஃப்ட் 4 டெட் 2, போர்ட்டல் 2, டோட்டா 2 என்று வரிசையாக எத்தனை மாடுகளை இப்படிக் கட்டுத்தறியிலேயே விட்டுவைத்திருக்கிறீர்கள். கவுன்டர்-ஸ்ட்ரைக் கதை எல்லாவற்றுக்கும் மேல். சோர்ஸ் என்றும் குளோபல் ஒஃபென்சிவ் என்றும் பெயர் வைத்து எண்ணைத் தொடாமலே இரண்டு படி ஏறினீர்கள். சரி, அடுத்தது எப்படியும் மூன்றைத் தாண்டியாக வேண்டும் என்று நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, 2023-ல் இறங்கிவந்து கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 என்று பெயர்சூட்டினீர்கள்.

2020 மார்ச்சில் மூன்று வர வேண்டிய இடத்தில் ஒரு பெண்ணின் பெயரைப் போட்டு ‘ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்’ வந்தது. அதை ஆட வி.ஆர். கருவியைத் தலையில் மாட்ட வேண்டும். நீங்கள் விற்ற கருவியின் முழுத் தொகுப்பு 999 டாலர். (மூன்று ஒன்பதுகள், ஒவ்வொன்றின் வர்க்கமூலமும் மூன்று என்று கணக்குப் போட்டுப் புல்லரித்தவர்களில் நானும் ஒருவன்.) நல்ல கேம்தான், குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் அதன் முடிவில் என்ன செய்தீர்கள்? பழைய காட்சியைத் திருத்தி எழுதி அப்பாவைப் பிழைக்கவைத்துவிட்டு, மகளை ஜி-மேன் கையில் பிடித்துக்கொடுத்துவிட்டீர்கள். பன்னிரண்டரை வருடம் அப்பாவுக்காக அழுதோம். இப்போது மகளுக்காக முதலிலிருந்து தொடங்கியிருக்கிறோம்.

நீங்கள் சும்மா இருந்தீர்கள் என்று நான் சொல்லவரவில்லை. 2003-ல் தொடங்கிய ஸ்டீம் கடையில் 2025 மார்ச்சில் ஒரே நேரத்தில் நான்கு கோடிப் பேர் நின்றிருக்கிறார்கள். விற்கிற ஒவ்வொரு கேமிலும் பெரும்பாலும் நூற்றுக்கு முப்பது உங்களுக்கு. சந்தைக்கு வாடகை வசூலிப்பவர் எதற்காக வெயிலில் உழவு ஓட்ட வேண்டும் என்பது நியாயமான கேள்வி. டீம் ஃபோர்ட்ரஸுக்குத் தொப்பி தைத்து விற்றீர்கள், கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் கத்திக்குச் சாயம் பூசி விற்றீர்கள். எல்லாம் தொழில். ஆனால் ஒன்று மட்டும் மனசில் முள்ளாக நிற்கிறது. எபிசோட் இரண்டு முடியும்போது எங்களுக்குக் கொடுத்த வேலை, வடதுருவப் பனியில் காணாமல் போன போரியாலிஸ் என்ற கப்பலைத் தேடிப் பிடிப்பது. பை கட்டித் தயாராக உட்கார்ந்திருந்தோம். 2025-ல் செய்தி வருகிறது: ஐயா நியூவெல் அவர்கள் நெதர்லாந்தின் ஓஷன்கோ என்ற சொகுசுக் கப்பல் கட்டும் நிறுவனத்தையே வாங்கிவிட்டார். ஐயா, எங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு கப்பல். அதுவும் பழையது. துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை.

இதற்கிடையில் எங்கள் சோதிடர்கள் ஓய்ந்தபாடில்லை. உங்கள் மற்ற கேம்களுக்கு வரும் ஒவ்வொரு அப்டேட்டையும் நாடி ஏடு மாதிரி பிரித்துப் படிக்கிறார்கள். அடுத்த ஹாஃப்-லைஃபின் ரகசியப் பெயர் என்று அவர்கள் நம்பும் எச்.எல்.எக்ஸ். என்ற மூன்று எழுத்து எங்காவது தட்டுப்பட்டால் அன்று ராத்திரி யாருக்கும் தூக்கமில்லை. பெயரில் எத்தனை எழுத்து, தேதியைக் கூட்டினால் என்ன, வினாடியைப் பெருக்கினால் என்ன, எதைத் தொட்டாலும் மூன்று வருகிறது, உடனே ‘ஹாஃப்-லைஃப் 3 உறுதி’ என்று கொண்டாட்டம். 2025 நவம்பர் 12 அன்று நீங்கள் எதையோ அறிவிக்கப்போகிறீர்கள் என்றதும் நான் அலுவலகத்தில் வயிற்றுவலி சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். வந்தது என்ன? ஒரு கணினிப் பெட்டி, ஒரு வி.ஆர். கருவி, ஒரு கன்ட்ரோலர். எண்ணிப் பார்த்தேன். மூன்று. உங்கள் குறும்பை மெச்சுகிறேன்.

கல்யாணத்தில் தாலிக்கு மூன்று முடிச்சு. பல வீடுகளில் மாப்பிள்ளை ஒரு முடிச்சைப் போட, மிச்சத்தை நாத்தனார் பின்னாலிருந்து போட்டு முடிப்பார். உங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் ரசிகர்களால் வந்துவிட்டது. முதல் பாகத்தை முழுசாக மறுபடி கட்டுகிறோம் என்று கிளம்பியவர்கள், பாதியை 2012-ல் கொடுத்து, மீதியையும் சேர்த்து 2020 மார்ச்சில் ‘பிளாக் மெசா’ என்று முடித்தேவிட்டார்கள். சொன்ன வேலையைத் தாமதமானாலும் முடிப்பது என்று ஒரு முறை இருக்கிறது, கவனிக்கவும். உங்கள் கதாசிரியர் மார்க் லெய்ட்லா 2016-ல் விலகினார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் பெயர்களைச் சற்றே மாற்றி, ஆணைப் பெண்ணாக்கி, பெண்ணை ஆணாக்கி, ஒரு கடித வடிவில் மூன்றாவது எபிசோடின் கதையைத் தன் பாட்டுக்கு வெளியிட்டுவிட்டார். அதை வைத்து ஒரு குழு கேம் செய்துகொண்டிருக்கிறது. நாத்தனார் முடிச்சுப் போட்டாயிற்று. மாப்பிள்ளை எங்கே என்றுதான் பந்தலில் தேடுகிறோம்.

ஈலைக்கு முதலில் குரல் கொடுத்த ராபர்ட் கியோம் 2017-ல் போய்விட்டார். சிட்டி 17 என்ற அந்த நகரத்துக்கு, தான் பிறந்த சோஃபியாவின் சாயலைக் கொடுத்த ஓவியர் விக்டர் அன்டோனோவ் 2025-ல் போய்விட்டார். இதில் பகடி செய்ய எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹாஃப்-லைஃப் என்பது எங்கள் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் அரை ஆயுட்காலம். ஒரு கதிரியக்கத் தனிமம் பாதியாகக் குறைய ஆகும் நேரம். உங்கள் கேமின் சின்னமாக ஃப்ரீமேன் மார்பில் இருக்கும் லாம்டா எழுத்து, அதே பாடத்தில் சிதைவு மாறிலி. என் நம்பிக்கையின் அரை ஆயுட்காலம் மூன்று வருடம் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். பதினெட்டு வருடம் என்றால் ஆறு முறை பாதியாகியிருக்கிறது. அறுபத்துநான்கில் ஒரு பங்கு மிச்சம். பாடப்புத்தகப்படி இது குறைந்துகொண்டே போகும், ஒருநாளும் பூச்சியம் ஆகாது. ஆனால் எச்.எல்.எக்ஸ். என்று எவனாவது ஒரு செய்தி கிளப்பினால் மறுபடி முழு ஒன்றுக்கு ஏறிவிடுகிறதே, இதற்கு எந்த அதிகாரத்தில் சமன்பாடு இருக்கிறது? ஃப்ரீமேன் பேசக்கூடியவராக இருந்தால் அவரிடமே கேட்டிருப்பேன்.

உண்மையைச் சொன்னால், வந்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. 1997-ல் அறிவித்த ‘டியூக் நியூக்கம் ஃபாரெவர்’ என்ற கேம் 2011-ல் வந்தபோது பதினான்கு வருடம் காத்த கிளிகள் இலவங்காய் வெடித்த பஞ்சைத் தும்மிக்கொண்டு பறந்ததைப் பார்த்திருக்கிறேன். எங்கள் காத்திருப்பு அதையும் தாண்டிவிட்டது. ஆகவே மனுதாரரின் கோரிக்கை மிகவும் சிறியது. கேம் இப்போதே வேண்டும் என்று கேட்கவில்லை. தேதியும் வேண்டாம், தேதி சொன்னால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். ‘வராது’ என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். சொன்னால் குடத்தை எடுக்க வேண்டிவரும். இத்தனை வருடம் அந்த இடத்தில் இருந்த குடத்தை வீட்டில் எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வரிசையில் இருக்கும் குடத்தின் சொந்தக்காரன்.

பி.கு.: எபிசோட் இரண்டின் ஒரு சேவ் ஃபைல் என்னிடம் இருக்கிறது. 2007-ல் இருந்த கணினி பழைய இரும்புக்குப் போய்விட்டது, அதற்கடுத்த இரண்டும் போய்விட்டன. ஃபைலை மட்டும் பென் டிரைவில் மாற்றி மாற்றிக் காப்பாற்றி வருகிறேன். ஹெலிகாப்டர் கொட்டகைக்குப் போகும் வழியில், உள்ளே நுழைவதற்குச் சற்று முன்னால் சேமித்தது. வருடத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பேன். அங்கே அப்பாவும் இருக்கிறார், மகளும் இருக்கிறாள். இரண்டு பேரும் நான் வருவதற்காகத்தான் நிற்கிறார்கள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, ஒரு அடிகூட முன்னால் வைக்காமல் எஸ்கேப்பை அமுக்கி வெளியே வந்துவிடுவேன்.